நோட்டீசுக்கும் நூலகத்தில் ஒரு எண் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஒரு பழைய நாடக நோட்டீஸின் படம் வெளியிட்டிருந்தீர்கள். வெளுத்துப்போன ரோஸ் தாள், நடுவில் மடிப்புக் கிழிசல், தரை, பெஞ்சு, நாற்காலி என்று டிக்கெட் விலை, ஸ்திரீகளுக்குத் தனி இடம் உண்டு என்று ஒரு வரி. காபி ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு சந்தோஷம். ஒரே ஒரு குறை, படத்தை அடியில் வெட்டிவிட்டீர்கள். நோட்டீஸின் கடைசி ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். எங்களைப் போன்றவர்கள் கையில் ஒரு நோட்டீஸ் கிடைத்தால் முதலில் அதைத்தான் பார்ப்போம். 1867-ஆம் வருடச் சட்டப்படி, அச்சான எந்தத் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்; 2023-இல் புதுச் சட்டம் வரும்வரை அந்த விதி ஒன்றரை நூற்றாண்டு இருந்தது. எந்த ஊர் பிரஸ் என்று தெரிந்தால் அந்த நாடகக் கம்பெனி அப்போது எந்தப் பக்கம் முகாம் போட்டிருந்தது என்பது பாதி தெரிந்த மாதிரி. அப்புறம், அந்த நோட்டீஸ் இப்போது எங்கே இருக்கிறது என்றும் நீங்கள் போடவில்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

நான் வேறு மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் நூலகராக இருந்து ஓய்வுபெற்றவன். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு மர பீரோ நிறைய துண்டுக் காகிதங்களைச் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ஊர்த் திருவிழா நோட்டீஸ், தேர்தல் நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்லூரி விழா அழைப்பிதழ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கடைத் திறப்பு விழா அட்டை. எதற்கும் பதிவெண் கிடையாது. ஒரு முறை மேலிடத்துக் குழு பார்வையிட வருகிறது என்று அறையைச் சுத்தம் செய்தார்கள். நான் நான்கு நாள் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்தபோது பீரோ காலி, உள்ளே புதுத் தாள் விரித்து கோப்பைகளும் கேடயங்களும் வைத்திருந்தார்கள். பதிவேட்டில் இல்லாத சாமான்தானே, எடைக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் நல்ல மனிதர், மூட்டையைப் பிரித்துக் காட்டினார், ஆனால் பெரும்பகுதி அதற்குள் லாரியில் ஏறிப் போய்விட்டது. இரண்டு கட்டு மட்டும் கிடைத்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அந்த பீரோவைக் கரையான் தொடவில்லை, மழை தொடவில்லை. எண் இல்லை என்ற ஒரே காரணத்தால் போனது. அதனால்தான் பாதுகாப்பு என்று பேச ஆரம்பித்தால் நான் பெட்டியிலிருந்தோ பூச்சி மருந்திலிருந்தோ தொடங்குவதில்லை, பதிவேட்டிலிருந்து தொடங்குகிறேன்.

நூலகர்கள் ஏன் எண் போடுவதில்லை என்பதற்கும் காரணம் உண்டு, அவர்களைக் குறை சொல்லி ஆகாது. பதிவேட்டில் ஏறிய ஒவ்வொன்றுக்கும் இருப்புச் சரிபார்ப்பில் நூலகர் பதில் சொல்ல வேண்டும். ஆயிரம் நோட்டீசுக்கு ஆயிரம் எண் போட்டு, அதில் ஒன்று காற்றில் பறந்து பீரோவுக்குப் பின்னால் விழுந்துவிட்டால் தணிக்கையில் பதில் சொல்வது யார்? அந்தப் பயத்தில்தான் நல்ல நூலகர்கள்கூட இவற்றை மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்து, ஓய்வு பெறும் நாளில் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். இதற்கு ஆவணக் காப்பகங்கள் வெகுநாளாகச் செய்கிற வழி ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு தாளுக்கும் எண் வேண்டாம், ஒரு உறைக்கோ ஒரு பெட்டிக்கோ ஒரு எண் போதும். 'திருவிழா நோட்டீஸ், இன்ன வட்டாரம், 1950 முதல் 1965 வரை, 84 தாள்' என்று மேலே எழுதி, அதே வரியைப் பதிவேட்டிலும் ஏற்றினால் வேலை முடிந்தது. ஆராய்ச்சிக்கு வருகிறவர் பெட்டியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து தேடிக்கொள்வார். திருப்பித் தரும்போது தாளை எண்ணி வாங்கினால் போதும். பொது நூலகத் துறை இதை ஒரு சுற்றறிக்கையாக அனுப்பினால் ஒரு பைசா செலவில்லாமல் பாதிப் பிரச்சினை தீரும்.

இதெல்லாம் சேர்த்து வைக்கிற அளவுக்கு அப்படி என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், என் வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். ஒரு கோவில் திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். எந்த நாள் யார் மண்டகப்படி, எந்தத் தெருவில் சாமி புறப்பாடு, எந்தக் கடைக்காரர் உபயம் என்று வரிசையாக இருக்கும். இருபது வருட இடைவெளியில் அதே ஊரின் இரண்டு நோட்டீஸைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஊரில் யார் கை ஓங்கியது, எந்தத் தொழில் படுத்தது என்பது கண்ணுக்குத் தெரியும். எந்தப் புத்தகத்திலும் அது இப்படிக் கிடைக்காது. கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான். சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டப்படி அங்கீகாரம் தருகிற திருத்தம் 1967-இல்தான் வந்தது. அதற்கு முன்பு நடந்த அத்தனை திருமணங்களிலும் யார் தலைமை, யார் வாழ்த்துரை, எந்த ஊர், எந்தக் கொட்டகை என்பதற்கு அந்த ஒற்றை அட்டைதான் பல வீடுகளில் மிச்சம். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் எப்போது உதிர்ந்தது என்பதைப் பத்திரிகைகளை வருடவாரியாக அடுக்கினால் எண்ணிச் சொல்லிவிடலாம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா இதை அந்தக் காலத்திலேயே புரிந்துகொண்டவர். விளம்பரப் பலகை எழுதுகிற தொழிலில் இருந்துகொண்டு புத்தகம் சேர்த்தார், புத்தகத்தோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று எல்லாவற்றையும் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, நல்ல வேளையாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல், 1994-இல் சென்னையிலேயே நூலகமாக்கியது. இப்போது தரமணியில் இருக்கிறது. சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்த தொகுப்பு அது. ஒரு தனி மனிதர், ஊர் வீட்டில் வைத்துக் காப்பாற்றியது. நூலக வரி வாங்குகிற நம் உள்ளாட்சிகளும், 1948-லேயே பொது நூலகச் சட்டம் போட்ட நம் மாநிலமும் ஊர் ஊராக அதில் நூறில் ஒரு பங்கு செய்திருந்தால்கூட இன்றைக்கு எவ்வளவோ கையில் இருக்கும்.

இலங்கைத் தமிழர்கள் இதில் நமக்கு முன்னால் போகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1981-இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின என்று எல்லோருக்கும் தெரியும். அந்த இழப்பைச் சுமந்த சமூகம் 2005-இல் நூலகம் என்ற இணையத் திட்டத்தைத் தொடங்கி, நூல்களோடு சேர்த்து ஊர்ச் சங்க மலர்கள், துண்டுப் பிரசுரங்கள், இறந்தவர் நினைவாக வீடுகளில் அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுகள் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறது. யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் அந்தச் சிறு நினைவுப் புத்தகம். ஒரு குடும்பத்தின் நாலு தலைமுறை அதில் இருக்கும்.

சரி, எண் போட்டாகிவிட்டது, எப்படி வைப்பது என்ற இடத்துக்கு வருகிறேன். இதில் நல்ல எண்ணத்தோடு செய்கிற கெடுதல்கள்தான் அதிகம், முதலில் அவற்றைச் சொல்கிறேன், ஏனென்றால் அவற்றில் சிலதை நானே செய்திருக்கிறேன்.

லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் உருகித் தாளோடு ஒட்டிக்கொண்டுவிடும், அதற்கப்புறம் பிரித்து எடுக்க வழியில்லை. தாளில் இருக்கிற அமிலம் உள்ளேயே இருந்து அரித்துக்கொண்டிருக்கும், மேலே பளபளப்பாகத் தெரிவதால் பத்திரமாக இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் எண்ணெய் மாதிரி தாளுக்குள் இறங்கி மஞ்சள் கறையாக நிற்கும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ஜெம் கிளிப் எல்லாம் நம் ஊர் ஈரக்காற்றில் துருப்பிடித்துத் தாளில் ஓட்டை போடும், மெதுவாகக் கழற்றிவிடுங்கள். ரப்பர் பேண்ட் வெயில் காலத்தில் இளகி ஒட்டிக்கொள்ளும். கடையில் விற்கிற மலிவான பிளாஸ்டிக் ஃபைல் உறைகள் பெரும்பாலும் பிவிசி, சில வருடம் கழித்துத் திறந்தால் எழுத்து தாளை விட்டு உறையில் ஒட்டிக்கொண்டு வரும். பாலியெஸ்டர் உறை கிடைத்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் அமிலமில்லாத வெள்ளைத் தாளை மடித்து அதற்குள் வையுங்கள், அது போதும்.

இன்னொன்று நூலகர்களுக்கே சொல்ல வேண்டியது. ரப்பர் ஸ்டாம்பைத் தயவுசெய்து தூர வையுங்கள். உள்ளங்கை அளவு நோட்டீஸில் நூலக முத்திரையைக் குத்தினால் பாதி எழுத்து அதிலேயே போய்விடும், மெல்லிய தாளாக இருந்தால் மறுபக்கமும் ஊறும். பின்பக்க மூலையில் மென்மையான பென்சிலில் பெட்டி எண்ணை எழுதினால் போதும், பேனா கூடவே கூடாது.

இந்தத் தாள்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகின்றன என்றால், நோட்டீஸ் அடிக்க யாரும் நல்ல தாள் வாங்க மாட்டார்கள், ஒரு வாரம் தாங்கினால் போதும் என்று அடிப்பதுதானே. மரக்கூழில் இருக்கிற லிக்னின் என்ற பொருள் வெளிச்சத்திலும் காற்றிலும் மஞ்சளாகும், அமிலம் சுரக்கும், தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். அந்த அமிலம் பக்கத்துத் தாளுக்கும் தாவும். பழைய புத்தகத்தில் யாரோ செருகி வைத்த செய்தித்தாள் துண்டை எடுத்தால் அதே அளவில் பழுப்பு நிழல் பக்கத்தில் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது. அதனால் மட்டமான தாளையும் நல்ல தாளையும் ஒரே உறையில் போடக் கூடாது. ரோஸ், மஞ்சள், பச்சை என்று நம் ஊர் நோட்டீஸ்களுக்குச் சாயத் தாள்தான் வழக்கம், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் சாயம் ஓடி அடுத்ததையும் கெடுக்கும், அவற்றையும் நிறவாரியாகப் பிரித்து வைப்பது நல்லது.

குளிர்சாதனம் இருந்தால்தான் முடியும் என்று நினைத்துப் பின்வாங்காதீர்கள். பகலில் போட்டுவிட்டு மாலை ஐந்து மணிக்கு அணைத்துவிடுகிற ஏசி, காகிதத்துக்கு ஏசி இல்லாததைவிட மோசமாகக்கூட ஆகலாம், ஏனென்றால் தினமும் சூடும் ஈரமும் ஏறி இறங்குவதுதான் தாளை அதிகம் வதைக்கிறது. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்கும், ஐம்பதை ஒட்டி நிலையாக இருந்தால் நல்லது. அந்த வசதி இல்லாத இடத்தில், குளியலறைச் சுவரும் வெளிச்சுவரும் ஒட்டாத உள்ளறை, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இரும்பு பீரோ, தரையிலிருந்து அரை அடிக்கு மேல் முதல் தட்டு, இவ்வளவு செய்தாலே கரையானுக்கும் மழைத் தண்ணீருக்கும் பாதி பதில் சொன்ன மாதிரி. 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் ஏறிய வீடுகளில் என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம், தரையில் வைத்த அட்டைப்பெட்டிதான் முதலில் போகும். நனைந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் பூஞ்சை வந்துவிடும். வெயிலில் போடாமல், நிழலில் மின்விசிறிக் காற்றில், ஒவ்வொரு தாளுக்கு அடியிலும் மை இல்லாத உறிஞ்சு தாள் போட்டு உலர்த்த வேண்டும்.

இராமபாணப் பூச்சிக்கு நம் வீடுகளில் வசம்பு, வேப்பிலை வைப்பார்கள். வைப்பதானால் சிறு துணிப்பையில் கட்டித் தட்டின் மூலையில் வையுங்கள், தாளோடு ஒட்ட வைத்தால் அதுவே கறையாகும். ஆனால் எந்த மருந்தையும்விட, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒருவர் பெட்டியைத் திறந்து பார்ப்பதுதான் வேலை செய்கிறது. அசைக்காமல் கிடக்கிற காகிதக் கட்டுக்குள்தான் பூச்சி குடியிருக்கும். பெரிய சுவரொட்டியை மடிக்கவே கூடாது, மடித்த கோட்டில்தான் முதலில் உடையும். அகல இழுப்பறை இருந்தால் விரித்து வையுங்கள், இல்லையென்றால் பருமனான குழாயின் மேல் சுற்றித் துணியால் மூடி வையுங்கள்.

நோட்டீஸில் தேதி இருக்கும், மாதம் இருக்கும், வருடம் மட்டும் இருக்காது, அல்லது தமிழ் வருடம் மட்டும் இருக்கும். அடுத்த மாதமே எறியப் போகிற தாளுக்கு வருடம் எதற்கு என்று விட்டிருப்பார்கள். விசுவாவசு வருடம் என்றிருந்தால் 1905-06-ஆ, 1965-66-ஆ? அறுபது வருட வித்தியாசம். இங்கேதான் சின்னச் சின்னத் தடயங்கள் கைகொடுக்கும். டிக்கெட் விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தியது. நயா பைசா என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட்டுக்குப் பிந்தியது. லை, னை என்ற எழுத்துகள் துதிக்கை போட்ட பழைய வடிவத்தில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்கலாம், ஆனால் சிற்றூர் அச்சகங்களில் பழைய ஈய எழுத்து தேயும்வரை ஓட்டியிருக்கிறார்கள், அதை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. மாநிலத்தின் பெயர் அதிகாரப்பூர்வமாகத் தமிழ்நாடு என்று மாறியது 1969-இல். தேதியும் கிழமையும் சேர்ந்து கிடைத்தால் பஞ்சாங்கத்தை வைத்து வருடத்தை நெருங்கிவிடலாம். 1640 முதல் 1661 வரை லண்டனில் தாமசன் என்ற புத்தக வியாபாரி தெருவில் விற்ற சிறு பிரசுரங்களைச் சுமார் 22,000 சேர்த்தார், பலவற்றில் தன் கைக்கு வந்த தேதியைத் தானே எழுதி வைத்தார். இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் அந்தக் காலத்தைப் படிக்கிறவர்கள் நாள்வாரியாகப் படிக்க முடிவது அந்தக் கையெழுத்தால்தான். நம் நூலகர்களும் இன்றைக்குக் கைக்கு வருகிற நோட்டீஸில் அன்றைய தேதியைப் பென்சிலில் எழுத ஒரு நொடிகூட ஆகாது.

ஸ்கேன் செய்துவிட்டால் தாள் எதற்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் மிஞ்சிய கட்டுகளில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் முழுக்க யாரோ பென்சிலில் மொய்க் கணக்கு எழுதியிருக்கிறார்கள், ஊர் வாரியாக, ரூபாய் அணாவில். முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்திருந்தால் அது போயிருக்கும். ஸ்கேன் கட்டாயம் செய்யுங்கள், இரண்டு பக்கமும், ஓரத்தை வெட்டாமல். தாளையும் வையுங்கள்.

ஒரு கோரிக்கையை உங்கள் பத்திரிகை மூலமாக அரசின் காதுக்குக் கொண்டுபோக விரும்புகிறேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவுப்படி, தேர்தல் நோட்டீஸோ சுவரொட்டியோ அச்சடித்தால் அச்சகத்தார் அதில் ஒரு பிரதியை, மாநிலத் தலைநகரில் என்றால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும், மற்ற ஊர்களில் என்றால் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்ப வேண்டும். அதாவது ஒவ்வொரு தேர்தலிலும் மாவட்டம் மாவட்டமாக இவை தாமாகவே ஓரிடத்துக்கு வந்து சேர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தேர்தல் வழக்குகளுக்கான கெடு முடிந்தபின் அந்தக் கட்டுகளை மாவட்ட மைய நூலகத்துக்கு மாற்றிக் கொடுங்கள் என்று ஒரு அரசாணை போட்டால் போதும். தேடி அலைய வேண்டாம், விலை கொடுக்க வேண்டாம். சுதந்திரப் போராட்டக் காலத்தில் ஆங்கிலேய அரசு தடை செய்து பறிமுதல் செய்த பாட்டுப் பிரசுரங்களில் பல இன்று நமக்குப் படிக்கக் கிடைப்பதே, பறித்தவர்கள் ஒரு பிரதியை ஒழுங்காகக் கோப்பில் போட்டு வைத்ததால்தான்.

என் வீட்டில் இப்போது மூன்று பெட்டிகள் இருக்கின்றன. கடையிலிருந்து மீட்ட இரண்டு கட்டும், அப்புறம் நான் சேர்த்ததுமாக 1,140 தாள்கள், வருடவாரியாகப் பட்டியலும் எழுதி முடித்துவிட்டேன். எனக்கு வயது எழுபத்திரண்டு. பிள்ளைகள் வெளியூரில். எந்த நூலகம் பதிவேட்டில் ஏற்றி, எண்ணைக் கடிதத்தில் எழுதித் தருகிறதோ, அந்த நூலகத்துக்கு என் செலவிலேயே வண்டி வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
காரைக்குடி